வேலியில் ஒரு பொட்டு: வன்னி வளவில் நாயும் பூனையும்

எங்கள் வளவின் வடக்கு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஒரு நாய் தலையைத் தாழ்த்தி, முதுகைக் கதியாலில் உரசிக்கொண்டு நுழையும் அளவு. அதை நான் மூன்று முறை அடைத்தேன். முதல் முறை கிடுகு, இரண்டாம் முறை முள்ளுக்கம்பி, மூன்றாம் முறை கருக்கு மட்டையும் கல்லும். ஒவ்வொரு முறையும் மறுநாள் விடிய நாலடி தள்ளி இன்னொரு பொட்டு திறந்திருந்தது. நாலாவது முறை மட்டையோடு போனபோது பக்கத்து வளவு மாமி வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, பழைய பொட்டைப் பேசாமல் விட்டிருந்தால் இவ்வளவு வேலியும் கிழிந்திருக்காது" என்றார்.

நெற்றியில் வைக்கிற பொட்டு அல்ல இது. வேலியின் அடியில் நாயும் கோழியும் போய்வந்து தேய்த்த ஓட்டைக்கு நம் ஊர்களில் அதுதான் பெயர். அது தற்செயலாக விழுவதில்லை. காணி உறுதியில் எழுதிய ஏக்கர்க் கணக்கு நாய்க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மணம் பூசிய பாதைகள். விடிந்ததும் படலையடியில் தொடங்கி, கிணற்றடி, எருக்குழி, வேலியோரம் என்று ஒரு சுற்றுப் போகும். நாலைந்து கதியால்களை மோந்து, அவற்றின் மேல் தன் பங்குக்கு இரண்டு சொட்டு விட்டுவிட்டு வரும். இரவு எந்த நாய் வந்தது, ஆணா பெட்டையா, எப்போது போனது என்பதெல்லாம் அந்த மோப்பத்தில் அதற்குத் தெரிந்துவிடும். வடக்கு வேலிப் பொட்டு எங்கள் நாயும் மாமி வீட்டு நாயும் செய்தி பரிமாறும் தபாற்கந்தோர். தபாற்கந்தோரைப் பூட்டினால் கடிதம் எழுதுவது நின்றுவிடுமா?

வன்னியில் "நாய் வளர்க்கிறோம்" என்று நாங்கள் அதிகம் சொல்வதில்லை. "எங்கள் வீட்டில் ஒரு நாய் நிற்கிறது" என்போம். பூனையைப் பற்றி அவ்வளவுகூடச் சொல்வதில்லை. அது ஒரு நாள் அடுப்படியில் படுத்திருக்கும், அவ்வளவுதான். இந்தப் பழைய ஏற்பாட்டில் நாய் முற்றத்துக்கு, பூனை சாய்ப்புக்கு, மனிதர் வீட்டுக்கு. கிடுகு வேலியும் மண் தரையும் இருந்தவரை அது ஓடியது. இப்போது மதில் வந்துவிட்டது, தரைக்கு ஓடு பதித்தாகிவிட்டது, தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் ஓடுகிறது, விரலளவு விதைப் பைக்கெட் ஒன்றுக்கு ஒரு நாள் கூலி போகிறது. பாத்தியைக் கிண்டிய பூனைக்கு முன்பெல்லாம் ஒரு அதட்டல், இப்போது கல். வாழைக்குள் படுத்த நாய்க்கு இப்போது சங்கிலி. வீட்டுத் தோட்டத்தில் நாயோடும் பூனையோடும் வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை அவற்றின் குணத்தால் வருபவை அல்ல என்பதே என் எண்ணம். நாம் வளவைப் பிரித்திருக்கும் விதம் அவை பிரித்திருக்கும் விதத்தோடு பொருந்துவதில்லை. பழுது அங்கேதான்.

முத்தையன்கட்டு, விசுவமடு இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று, 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் மிளகாய் செய்தவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கதைகளில் நாய் தவறாமல் வரும். காடு வெட்டித் திறந்த நிலம், நாலு தடி நட்டுப் போட்ட கொட்டில், அதன் கீழ் ஒரு நாய். பூனை பிறகுதான் வரும், நெல் மூட்டையும் அதைத் தேடி எலியும் வந்தபின். உலக வரலாறும் இதே வரிசைதான். வேட்டையாடித் திரிந்த மனிதரோடு நாய் சேர்ந்து குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. மேற்காசியாவில் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியபின் எலியைத் தேடிக் காட்டுப்பூனை களஞ்சியத்துக்கு வந்தது. சைப்பிரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழைமையான புதைகுழி ஒன்றில் மனிதரின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. நாய் வேலைக்கு வந்தது. பூனை இலாபம் பார்த்து வந்தது. இன்றைக்கும் இரண்டின் நடத்தையிலும் அந்த வேறுபாடு அப்படியே தெரியும்.

2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் யுத்தத்தால் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் கிழக்கு நோக்கிப் போனபோது நாய்கள் படலைகளில் நின்றுவிட்டன. உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றவே இடமில்லை. மறு ஆண்டு நாங்கள் திரும்பியபோது வளவில் மூன்று நாய்கள் நின்றன. ஒன்றும் எங்களுடையதல்ல. எங்கள் படலையில் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தன. அவற்றின் கணக்கில் அது சரிதான். அந்த வளவின் கதியால்களில் அப்போது அவற்றின் மணம்தான் இருந்தது. அதில் ஒன்று பிறகு பதினொரு வருடம் எங்களோடு நின்றது.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

வைகாசி, ஆனியில் சோளகம் புழுதியை வாரி அடிக்கிற மத்தியானத்தில் வாழைப் பாத்திக்குள் எட்டிப் பாருங்கள். ஈரமண்ணை ஒரு முழம் தோண்டி, வயிற்றை அதில் ஒட்ட வைத்து, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டிப் போட்டுக்கொண்டு நாய் படுத்திருக்கும். பிஞ்சுக் குட்டிவாழை ஒன்று சாய்ந்திருக்கும். இது குறும்பு அல்ல. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் கசியும். மீதி வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 பாகை வரை இருக்கும். வெளியே காற்று 34 பாகையில் வீசும்போது குளிர்ந்த மண்ணில் வயிற்றை ஒட்டுவதே அதற்குத் தெரிந்த வைத்தியம், வயிற்றில்தான் மயிர் குறைவு. ஆகவே அடிப்பதை விட்டு, வாழையைவிட நல்ல இடம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்காலின் அருகே, வேம்பு அல்லது மாமர நிழலில், இரண்டு கடகம் மணல் கொட்டிக் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். எங்கள் நாய் மூன்றாம் நாளே வாழையைக் கைவிட்டது. பனிநாட்டு நாய்களைக் காசு கொடுத்து வாங்கி வன்னி வெயிலில் கட்டிவைப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் மரியாதையான வார்த்தை இல்லை.

ஆண் நாயின் சிறுநீர் பட்டு இளங்கன்று கருகுவதற்கும் காரணம் எளிது. அதில் யூரியாவும் உப்பும் செறிந்திருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிப் பசளை போட்டால் எது நடக்குமோ அதுதான் நடக்கும். இரண்டு கறிவேப்பிலைக் கன்றை இப்படி இழந்தபின்தான் எனக்குப் புரிந்தது: நான் அவற்றை நாயின் காலைச் சுற்றுப் பாதையில் நட்டிருக்கிறேன். வேலியோரம் இரண்டடியை அதற்கு விட்டுவிட்டேன். படலையடியில் ஒரு பெரிய கல்லைப் போட்டேன். அந்தக் கல்தான் இப்போது ஊர் நாய்களின் வரவுப் பதிவேடு. கன்றுகள் தப்பின.

பூனையின் விஷயம் இதைவிட நுணுக்கமானது. மிளகாய் நாற்றுமேடையை நாம் எப்படித் தயார் செய்கிறோம்? மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, மாட்டெருவும் மணலும் கலந்து, மேலே வைக்கோலும் உமியும் போட்டு எரித்து, சாம்பலைக் கிளறி, கையால் தடவி மட்டமாக்குகிறோம். பூனைக்கு மலசலகூடம் கட்டித் தரச் சொன்னால் இதைவிட நேர்த்தியாக எவராலும் கட்ட முடியாது. அதன் மூதாதை வரண்ட நிலத்துக் காட்டுப்பூனை. உலர்ந்த பொலபொலத்த மண்ணைக் கண்டால் கால் தானாகத் தோண்டும்.

ஒரு நாள் விடியற்காலை திண்ணையில் தேநீரோடு இருந்து இதைக் கடைசிவரை பார்த்தேன். எங்கள் சாம்பல் பூனை மேடையின் விளிம்பில் ஏறி முதலில் மூன்று இடத்தை மோந்தது. நாலாவது இடத்தில் முன்னங்காலால் நாலு தரம் விறாண்டியது. திருப்தியில்லை. திரும்பி ஒரு சாண் தள்ளி இன்னொரு குழி. பிறகு வாலை விறைப்பாக நீட்டிக் குந்தி, காதைப் பின்னுக்குச் சாய்த்து, தூரத்தில் எதையோ ஆழ்ந்து யோசிப்பதுபோல் பார்த்தது. முடிந்ததும் மண்ணை இழுத்து மூடி, மோந்து, போதாதென்று மறுபடியும் மூடியது. முளைத்து நாலு நாளான நாற்றில் ஒரு சதுர அடி போய்விட்டது. அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஒரு உயிரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

பிறகு நான் செய்தது இதுதான். முளைக்கும்வரை மேடையைக் கிடுகால் மூடினேன். முளைத்தபின் இலந்தை முள்ளுக் கொப்புகளை ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் மறுக்குமாகப் போட்டேன். பூனைக்குத் திரும்பிக் குந்த இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை. கூடவே சாய்ப்பின் கீழ், மழை படாத இடத்தில், ஆற்றுமணல் ஒரு குவியல். மேடையில் அது மூடிவைத்ததைச் சிரட்டையால் அள்ளி அந்த மணலில் புதைத்தேன், மணத்தைப் பிடித்து அங்கே வரட்டும் என்று. ஒரு கிழமையில் வந்துவிட்டது. மணல் ஒடுக்கமான மூலையில் இருக்கக் கூடாது. குந்தியிருக்கும்போது பூனை தன்னைப் பாதுகாப்பற்றதாக உணரும், இரண்டு பக்கம் ஓட வழி வேண்டும். மிளகாய்த்தூள் தூவச் சொல்லி ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். அது பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கும்போது வாய்க்கும், முகத்தைத் துடைக்கும்போது கண்ணுக்கும் போகும்.

மணலைத் தினமும் அள்ள வேண்டும் என்பதற்கு நாற்றத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் வரலாம். கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாக அது தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து. ஆனால் வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். ஒரு நாளாகுமுன் அள்ளிவிட்டால் பயமில்லை. ஒரு பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரு தரம், இரண்டு மூன்று கிழமைக்கு மட்டுமே அவற்றை வெளியேற்றுகிறது. பெண் கருவுற்றதும் பூனையைப் பையில் கட்டிச் சந்தியில் விடும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. மணலை வேறு யாராவது அள்ளட்டும், பாத்தி கொத்தும்போது கையுறை போடட்டும், கீரையை நன்றாகக் கழுவட்டும். வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பூனையைவிட நாய்க்குட்டிகளின் கொக்கிப்புழுதான் அன்றாடப் பிரச்சினை. குட்டிக்கு இரண்டு கிழமை வயதிலேயே பூச்சிமருந்து தொடங்க வேண்டும், தாய்க்கும் சேர்த்து.

நாயும் பூனையும் பிறவிப் பகை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி மொழிக் குழப்பம். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலை அடித்தால் எரிச்சல். பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால் அது வணக்கம். நாய்க்கு விறைத்து நிமிர்ந்த வால் சவால். நாய் மல்லாந்து படுத்தால் சரணடைந்துவிட்டது. சண்டைக்கு நடுவில் பூனை மல்லாந்தால் நாலு காலின் நகமும் தயார் என்று அர்த்தம். அதோடு, ஓடுகிற எதையும் நாய் துரத்தும். பூனை ஓடாத வரை பாதி நாய்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. ஆகவே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் முதல் சில நாள் முகம் காட்ட வேண்டாம். ஒன்று படுத்த சாக்கை மற்றதின் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். பிறகு கதவுக்கு இரு புறமும் சாப்பாடு, பிறகு நாயைக் கட்டியபடி ஒரே முற்றத்தில். எல்லாவற்றிலும் முக்கியம், பூனைக்கு உயரம் கொடுப்பது. நாய்க்கு வளவு தரையில் விரிந்திருக்கிறது, பூனைக்கு மேல்நோக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. மதில், முருங்கைக் கவர், தண்ணீர்த் தாங்கியின் மேல் தட்டு என்று ஏறி உட்கார நாலு இடம் இருந்தால் அது நிலத்தை நாய்க்கு விட்டுக்கொடுத்துவிடும்.

பழகுவதற்கு ஒரு வயதுக் கதவும் இருக்கிறது. நாய்க்குட்டிக்கு அது ஏறக்குறைய மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமை வரை திறந்திருக்கும். பூனைக்குட்டிக்கு இரண்டிலிருந்து ஏழாம் கிழமைக்குள் மூடிவிடும். அந்தக் காலத்தில் யாரோடு சேர்ந்து வளர்கிறதோ அவரை அது தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். கோழிக்குஞ்சு பிடிக்காத நாய் வேண்டுமென்றால் குட்டியை நாற்பத்தைந்து நாளில் எடுத்து, கோழி மேயும் முற்றத்தில் வளர்க்க வேண்டும். ஒரு வயதில் குஞ்சின் ருசி கண்ட நாயைத் திருத்தக் கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வைத்தியம் ஒன்று ஊரில் உண்டு. பலன் தந்ததை நான் பார்த்ததில்லை. நாற்றம் தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு. மத்தியானம் மிஞ்சிய சோறும் குழம்பும் நாய்க்கு, மீன் தலை பூனைக்கு என்பது பரம்பரைச் சட்டம். நாய் அதில் ஓரளவு சமாளிக்கும், முட்டையோ மீனோ கொஞ்சம் சேர்ந்தால். பூனை சமாளிக்காது. அது முழு ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் தோரின் என்ற சத்து போதாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். தோரின் குறைவால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்பது 1987இல்தான் கண்டறியப்பட்டது. சோறும் பருப்பும் தின்று வாழும் பூனை எலியாலும் ஓணானாலும்தான் உயிர் பிழைக்கிறது. பச்சை மீனை மட்டுமே நாள்தோறும் போடுவதும் சரியில்லை. சில மீன்களில் உள்ள ஒரு நொதி உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும்; அவித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

குழம்பில் மறைந்திருக்கும் வில்லன் வெங்காயம். அது இரத்தத்தின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்குக் கிலோவுக்கு ஐந்து கிராம் போதும். மூன்று கிலோப் பூனைக்குப் பதினைந்து கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய்க்கு இதைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு வேண்டும். ஆகவே ஒரு வாய்க் குழம்புச் சோற்றில் நாய் சாகாது. ஆனால் வெங்காயம் தாளித்த சட்டியைப் பூனை நக்குவதை நாள்தோறும் விட்டுவிடக் கூடாது. சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். பச்சை எலும்பைப்போல் அல்ல.

நஞ்சு என்று வந்தால் வன்னி வளவில் பட்டியல் நீளும். முதலில் நிற்பது நம் மருந்துப்பெட்டி. பூனை காய்ச்சலாய்க் கிடக்கிறது என்று பனடோலில் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இரக்கத்தில்தான் கொடுக்கிறார்கள். அதன் ஈரலில் அந்த மருந்தை முறிக்கும் நொதி மிகக் குறைவு. பாதிக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இரண்டாவது, மாட்டு உண்ணிக்கும் நாய் உண்ணிக்கும் வாங்கிய மருந்து. பெர்மெத்ரின் சேர்ந்தது நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு வலிப்பு வரும். மருந்து பூசிய நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலே போதும். சொறி பிடித்த நாய்க்குக் கழிவு ஒயில் பூசுவது இன்னொரு கொடுமை. அது தோலாலும் நக்கும்போது வாயாலும் உள்ளே போகிறது. சொறி ஒரு சிற்றுண்ணியால் வருவது, கால்நடை வைத்தியரின் மருந்துக்கு மாறிவிடும். எலி நஞ்சு தின்று தள்ளாடும் எலியைப் பூனை மிகச் சுலபமாகப் பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இரத்தத்தை உறையவிடாத வகை நஞ்சென்றால் பூனையிலும் நாயிலும் நாலைந்து நாள் கழித்துத்தான் குறி தெரியும். வெறும் பையையாவது கையில் கொண்டு வைத்தியரிடம் ஓடினால் உயிர்ச்சத்து கே1 காப்பாற்றலாம்.

செடிகளில், அலரியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். ஆமணக்கு விதை கொடியது. மாரி தொடங்க வேலிகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப் பூவின் கிழங்கில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கொடியைப் பிடுங்கினால் கிழங்கை முற்றத்தில் எறிந்துவிடாதீர்கள், எறிந்த எதையும் குட்டிநாய் கடித்துப் பார்க்கும்.

உண்ணியைப் பற்றி ஒன்று மட்டும். நாயின் காதில் பிடுங்குவதோடு வேலை முடியாது. இரத்தம் குடித்து வீங்கிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கிடுகு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்குமிடத்துக்கு மேலே சுவரில் ஏறும் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பைப் பூசி அடைப்பதும் சாக்கை வெயிலில் போடுவதும் மருந்துக்குச் சமம்.

விசர்நோய்க்கு இலங்கையில் 1893இலேயே சட்டம் வந்தது. 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம். இருந்தும் 1973இல் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியதற்குக் காரணம் நாய்களுக்குப் போட்ட ஊசியும், கடிபட்டவருக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாகப் போடும் ஊசியும். ஊருக்கு ஊசி போட வரும்போது நாய்கள் சங்கிலியோடு மரத்தடியில் வரிசையில் நிற்கும். பூனை எவருடைய நினைவிலும் இராது. ஆனால் பூனையும் விசரைத் தரும், அதுவும் படுக்கையில் வந்து தரும். தலையணை உறைக்குள் பூனையை இறக்கி வாயைக் கட்டிக்கொண்டு போனால் கை கிழியாது. துணிக்கு மேலாலேயே ஊசி போட்டுவிடலாம். கடியோ கீறலோ பட்டால் உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். கடித்த விலங்கை அடித்துக் கொன்றுவிடாமல் கட்டிவைத்துப் பத்து முதல் பதினான்கு நாள் பார்க்க வேண்டும் என்பார்கள். ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

மார்கழியில் நாய்கள் கூட்டம் கூடும். 63 நாள் கழித்து, மாசி, பங்குனியில், பெட்டைக் குட்டிகள் யூரியாப் பையில் சந்தைக்கும் கோயிலடிக்கும் வந்து சேரும். வைரவர் சூலத்துக்கு வடைமாலை சாத்துகிற நாமே அவருடைய வாகனத்தின் குட்டியை அவருடைய கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். 2006 முதல் தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடையாலும் ஊசியாலும் கட்டுப்படுத்துவது அரச கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை கடைசி வீட்டுப் பெட்டைநாய்வரை வந்து சேர்வதில்லை, நாம்தான் கொண்டுபோக வேண்டும். பூனை நாலைந்து மாதத்திலேயே கருவுறும் என்பதால் அதற்கு இன்னும் அவசரம்.

வன்னியில் வளவு முடிகிற இடத்தில் பல ஊர்களில் காடு தொடங்குகிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் நாயின் குரைப்பை வைத்தே வந்திருப்பது யாரென்று சொல்வார்கள்: மனிதருக்கு இடைவிடாத குரைப்பு, பன்றிக்கு ஓடி ஓடிக் குரைப்பு, யானைக்கு பின்வாங்கிக்கொண்டே ஒரு ஊளை கலந்த குரைப்பு. அந்தப் பின்வாங்கலில்தான் ஆபத்து. யானையையோ கரடியையோ சீண்டிவிட்டு நாய் ஓடிவருவது எசமானின் காலடிக்கு; துரத்துகிறதும் கூடவே வரும். பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்தைத் தேடி வரும் என்பதால் பழம் பொறுக்கப் போகும்போது நாயை வீட்டில் விட்டுப் போவது நல்லது. சிறுத்தைக்கு நாய் இரை. இரவில் முற்றத்தில் கட்டிய நாய் அதற்கு வைத்த அழைப்பு. 2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்ட விதத்தை நாடே படத்தில் பார்த்தது. அதை இங்கே திருப்பிச் சொல்ல விருப்பமில்லை. எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. நம் நாயின் டிஸ்டெம்பர் நோய் நரிக்கும் சிறுத்தைக்கும் தொற்றக்கூடியது. 1994இல் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது அந்த நோய்தான்.

போன ஆண்டு வடக்கு வேலியைப் பிடுங்கி மதில் கட்டினோம். அடிவரியில் ஒரு கல் வைக்க வேண்டாமென்று சொன்னேன். மேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அண்ணை, கல் குறைகிறதா?"

"இல்லை தம்பி. அது நாய்க்கு."

"பாம்பு வரும் அண்ணை."

"பாம்பு படலையால் வரும். அதற்கு வழி தெரியும்."

முதல் மூன்று நாள் சீமெந்து மணத்துக்கு ஒரு நாயும் கிட்ட வரவில்லை. நாலாம் நாள் மாமி வீட்டு நாய் மூக்கை நீட்டியது. சாம்பல் பூனை அதற்கு முன்னமே மதிலின் மேல், சரியாக அந்தப் பொட்டுக்கு நேரே, இடம் பிடித்து வைத்திருந்தது. இப்போது எந்த நாய் தலையை நுழைத்தாலும் மேலே இருந்து ஒரு அறை விழும். நகம் உள்ளே, வெறும் பாதம் மட்டும். வாங்கிக்கொண்டு நுழைகின்றன.